ஏரியைக் கழித்த படம்

செயற்கைக்கோள் அனுப்பும் படங்களில் வெள்ளம் எங்கே ஏறுகிறது என்று பார்ப்பதுதான் என் நாத்தனாருக்கு வேலை. என் வீட்டுக்காரருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால்கூட வானத்தைப் பார்த்துக் கையாட்டுவார். "தங்கச்சி, தெரியிறேனா?"

"உங்க வழுக்கையப் பார்த்துட்டு ஏரின்னு குறிச்சுக்கப் போறா" என்பேன். இனி அந்தக் கேலியை நான் யாரிடம் செய்ய?

அன்று மத்தியானம் சுற்றியிருந்த தெருக்காரர்களுக்கெல்லாம் வெளியேறச் சொல்லிப் போனில் எச்சரிக்கை வந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. கிளம்பலாம் என்று நச்சரித்தேன். தங்கச்சி சொல்லட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவளையே கூப்பிட்டுக் கேட்டார்.

"படத்துல உங்க தெரு சிவப்புல இல்லண்ணா, பயப்படாதீங்க" என்றாள்.

நிம்மதியாகப் போனை மாடியில் சார்ஜில் போட்டுவிட்டு, ஸ்கூட்டரை மேடான இடத்தில் நிறுத்தக் கீழே போனார். பின்சுவரை இடித்துக்கொண்டு தண்ணீர் வந்தது. படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் லேப்டாப்போடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏரி, குளத்துல எப்பவும் தண்ணி இருக்கும்ல அண்ணி. அதை வெள்ளம்னு காட்டிடக் கூடாதுன்னு கழிச்சிட்டுத்தான் பார்ப்போம். கழிக்கிறதுக்கு வச்சிருந்தது பழைய வரைபடம். அதுல உங்க தெரு ஏரி."

ஏரியைத் தூர்த்து மனை போட்டவன் சொல்லவில்லை, வாங்கிய நாங்களும் கேட்கவில்லை. கழுத்தளவு தண்ணீர் நின்றாலும் அந்தப் படத்துக்கு அது ஏரித் தண்ணீர்தான்.

"அவ்வளவு மேலேர்ந்து பார்த்தியே, உங்க அண்ணன் தெரியலையா?"

அவள் என் மடியில் விழுந்து அழுதாள். தள்ளிவிடத்தான் நினைத்தேன். கை என்னவோ அவள் முதுகைத் தடவியது.

அடுத்த மழைக்காலம். அணைக்க மனம் வராமல் சார்ஜ் போட்டே வைத்திருந்த அவருடைய போன், அலமாரியில் அலறியது. 'உங்கள் தெருவில் வெள்ள அபாயம். உடனே வெளியேறுங்கள்.'

அவளைக் கூப்பிட்டேன். "எச்சரிக்கை வந்துடுச்சும்மா."

"அப்பாடா! அந்த ஏரிய எடுத்துட்டேன் அண்ணி. உங்க போனுக்குத்தானே வந்துச்சு?"

"உங்க அண்ணன் போனுக்கு."

உடைந்த குரலில், "கிளம்புங்க அண்ணி" என்றாள்.

அவர் காத்திருந்தபடியே தங்கச்சி சொல்லிவிட்டாள். கிளம்புவதற்கு நான் மட்டும்தான் இருந்தேன்.