நிழலுக்கு வந்த சிங்கம்

காட்டு விலங்குகள் திரியும் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள விடுதியில் பல வருடமாகச் சமைக்கிறாள் எமிலியானா. பள்ளத்துக்குள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. மேலிருந்து பார்த்தால் எருமையும் எறும்பும் ஒன்றுதான். அன்று பள்ளத்துக்குள் போகவிருந்த பயணிகள் இருவரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அவர்களை அழைத்துப்போக வந்திருந்த டிரைவர் மார்க்வே, அவளுடைய அக்காள் புருஷன்.

"அனுமதி வாங்கியாச்சு, வண்டி சும்மா நிக்குது. வர்றியா?" என்றதுதான் தாமதம், சப்பாத்திப் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் கேள்விதான்.

"அத்தான், அந்த நரி எதுக்கு இப்படி ஓடுது?"

"உன் வாய்க்குப் பயந்துதான்."

ஏரிப் பக்கம், மரமே இல்லாத வெளியில், மார்க்வே வண்டியை நிறுத்தினான். புல்லுக்குள்ளிருந்து ஓர் ஆண் சிங்கம் எழுந்தது. நேராக நடந்து வந்து, வண்டி நிழலில் பின்சக்கரத்தோடு முதுகை ஒட்டிப் படுத்துவிட்டது.

"கண்ணாடிய ஏத்து," என்றான் மார்க்வே மெதுவாக. "வெயில் தாங்காம வந்திருக்கார்."

"இப்ப எப்படிப் போறது?"

"அவரா எந்திரிச்சாத்தான்."

எமிலியானாவுக்குப் பசித்தது. பொட்டலத்தில் கை வைத்தாள்.

"பிரிக்காதே, வாசனைக்கு அவரும் பந்திக்கு வந்துருவார்!"

கையை எடுத்தவள், மண்டியிட்டு வண்டித் தரையில் காதை வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"உஷ்! வயிறு கடமுடாங்குது அத்தான். நல்லா சாப்பிட்டிருக்கு."

"என்ன சாப்பிட்டாருன்னும் கேட்டுச் சொல்லு."

வெயில் சாய, நிழல் மறுபக்கம் நகர்ந்தது. சிங்கம் எழுந்து கொட்டாவி விட்டது. அந்த வாயை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் எமிலியானா பின்னுக்கு நகர்ந்துகொண்டாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. போய்விடும் என்று பார்த்தால், வண்டியைச் சுற்றிவந்து மறுபடியும் படுத்துக்கொண்டது. பிறகு பெரிய வண்டியொன்று வந்து பக்கத்தில் நின்றது. சிங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய நிழலுக்குப் போய்விட்டது.

"நம்ம வண்டி பிடிக்கல போல," என்று சிரித்தபடி மார்க்வே கிளப்பினான்.

மேலே விடுதி வாசலில் வண்டி நின்றதும் அவள் முதலில் ஓடியது பின்சக்கரத்துக்குத்தான். சேற்றில் பழுப்பு முடி நாலைந்து ஒட்டியிருந்தது. பிடுங்கி முகர்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நனைஞ்ச நாய் மாதிரி. புல் வாசமும் இருக்கு. நீங்க மோந்ததே இல்லியா?"

தினமும் சிங்கம் காட்டியே பிழைக்கிற மார்க்வே, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"குடு இங்க."