வாட்ச்மேன் பெட்டி

வயரைப் பிடுங்கப் போன கொழுந்தனின் கையை அவள் தட்டிவிட்டாள்.

“கை வைக்காதீங்க தம்பி.”

“அண்ணி, வண்டி வர இன்னும் அரை மணிதான். வெளிநாட்டுல உங்க பொண்ணு போனும் கையுமா அழுதுட்டு இருக்கா. அப்பா மொகத்தக் காட்ட வேணாமா? உங்க போன்லயும் அண்ணன் போன்லயும் கேமரா சரியில்ல. வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல, இந்த டப்பாவும் என் போனை வைஃபைல விடமாட்டேங்குது. இதக் கழட்டிட்டா ஒரு நிமிஷ வேலை.”

“கழட்டாமலே காட்டலாம்.”

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். செருப்பு அலமாரியின் மேல் அந்தப் பெட்டி சத்தமில்லாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸ் ஓடும் உள்ளங்கை அகலக் கணினிப் பலகை, பழைய போன் சார்ஜர், பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த கூடு. ‘வாட்ச்மேன்’ என்பார் அவர். பட்டியலில் இல்லாத எந்தக் கருவியும் அதைத் தாண்டி வீட்டு இணையத்துக்குள் நுழைய முடியாது. அவருக்குப் பார்வை மங்கியபின், அவர் சொல்லச் சொல்ல விதிகளைத் தட்டியது அவள்தான். ஒருமுறை ஒரு வரி பிசகி, சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர்கள்போல இருவரும் வெளியே நின்றார்கள். அதன்பின் ஓர் ஏற்பாடு: எதை மாற்றினாலும் திரை ‘சரியா?’ என்று கேட்கும். ஐந்து நிமிடத்துக்குள் ‘ஆம்’ என்று தட்டாவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்தாள்.

“பொணத்த வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் தட்டுறா பாரு,” என்றாள் நாத்தனார்.

“ஆமா, தட்டுறேன். அவர் போயிட்டா வீடு தொறந்து கிடக்கும்னு நெனச்சீங்களா?”

கொழுந்தனின் போனைச் சேர்த்தாள். ‘சரியா?’ ஆம்.

மகள் முகம் வந்தது. “வாட்ச்மேன் விட்டுட்டாராம்மா?” என்று கேட்டுவிட்டு உடைந்தாள். வண்டி வரும்வரை போனை அவர் முகத்தருகே அம்மாவே பிடித்திருந்தாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொழுந்தனின் போனை நீக்கி, ‘ஆம்’ தட்டினாள்.

“அவ்வளவு நம்பிக்கையா அண்ணி என் மேல?”

“உங்கண்ணன் என் போனையே ஒரு வாரம் கழிச்சுத்தான் சேர்த்தாரு.”

அவன் சிரித்தான். பிறகு தயங்கினான். “அப்ப அண்ணன் போனு? பயன்படாதத அன்னைக்கே அடிச்சிடணும்னு அவர்தானே சொல்லுவாரு.”

அவள் பட்டியலில் அவர் போனுக்கான வரியையும் அழித்தாள். ‘சரியா?’ என்றது திரை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து வெளியே போனான். ஐந்து நிமிடம் ஆனதும் அவருடைய வரி பழைய இடத்துக்கே வந்து நின்றது.

அவர் போனில் சார்ஜ் குறைந்திருந்தது. எழுந்து போய் மாட்டினாள்.