முறையோ என்ற குரல்

கதிரவன் உச்சியேறிக் கரிசல் நிலத்தைக் கால் நுழையும் அகலத்திற்குப் பிளந்துவைத்திருந்த ஒரு சித்திரை நண்பகலில், பருத்திமாறு பிடுங்கிய வெற்றுவெளி நாற்புறமும் விரிந்துகிடக்க, கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலைச் சாலையோரத்துத் தீப்பெட்டித் தொழிற்கூடம், தன் தகரக்கூரையின்கீழ் மூடிய உலைபோல் புழுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே குச்சியடுக்கிக்கொண்டிருந்த இசக்கிச்செல்விக்கு உடல் வியர்த்தது வெம்மையால் மட்டுமன்று. பெண்கள் வெளியே போய்ப் பொழுதைக் கழிக்கிறார்களென்று மேற்பார்வையாளர் தங்கப்பாண்டியன் பின்கதவைப் பூட்டிய நாள்முதல், தீப்பற்றினால் நாற்பது பேரும் ஒற்றை வாயிலில் முட்டி மடிவோம் என்ற எண்ணம் அவளைச் சோறுண்ணவும் விடவில்லை. குறை சொன்னவளுக்கு மறுநாள் வேலையில்லை என்பது அவ்விடத்து நடைமுறை. ஆகவே பெயரெழுதாது, கதவைத் திறக்கக் கேட்டெழுதிய ஒரு தாளில் பன்னிரு பெண்கள் கைநாட்டு வைத்து, ஆய்வுக்கு வரும் அலுவலர் பார்க்குமாறு பெட்டிக்கட்டின்மேல் கிடத்தியிருந்தனர். கைநாட்டுக்கு மை கிட்டாமையால், குச்சிமுனைக்குப் பூசும் மருந்துக் குழம்பிலேயே பெருவிரலைத் தோய்த்திருந்தனர்.

ஆய்வுக்கு வந்த அலுவலர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு ரேகைகூடத் தெரியலையே. பன்னெண்டு பொட்டுல்லா இருக்கு. ஆளில்லாத மனுவ நான் எங்கன கொண்டுபோய்க் குடுக்க?"

தங்கப்பாண்டியன் சிரித்தார். "அடுப்புல போடுங்க சார். ஏட்டி, எவளுக்காவது ஆவலாதி இருந்தா வாயத் தொறந்து சொல்லுங்க. பேரக் குறிச்சுக்கிடுதேன்."

"குனிஞ்சு குச்சியப் பாருட்டி," என்று முணுமுணுத்தாள் அருகிருந்த மாடத்தி.

முறையிடுதல் என்பது, கற்றறிந்தோரே, தாளில் பிறந்த சொல்லன்று. முறை என்றால் நீதி. அது பிறழ்ந்தபோது வேந்தன் வாயிலில் நின்று 'முறையோ' என்று கதறினர் முன்னோர். அக்கதறலின் தடம் இன்றும் இச்சொல்லில் கிடக்கிறது. கதறியவன் முகம் காவலர் அனைவருக்கும் தெரிந்தேயிருந்தது. இவற்றுள் ஒன்றும் இசக்கிச்செல்வி அறியாள். கதவு பூட்டிக்கிடப்பது மட்டும் அறிவாள்.

எழுந்தாள். "அதுல ஒண்ணு என்னுது சார். பேரு இசக்கிச்செல்வி. பொறவாசலப் பூட்டிப் போட்டிருக்காவ. தீப்பிடிச்சா நாங்க எங்கிட்டுப் போவோம்?"

"மத்த பதினொண்ணு?" என்றார் அலுவலர்.

மற்றவர் யாவரும் குனிந்து குச்சியடுக்கினர்.

அலுவலர் சொல்ல, அன்றே பூட்டு அகன்றது. வெங்காற்று அறைக்குள் புகுந்து தாள்களைக் கலைத்தது. மறுநாள் காலை இசக்கிச்செல்வியை வாயிற்காவலன் உள்ளே விடவில்லை. மற்றப் பதினொருவரும் அவளைப் பாராமல் கடந்துசென்று, திறந்த பின்கதவுக்கு அருகிலேயே இடம்பிடித்து அமர்ந்தனர். அச்சம் தீர்ந்தவர் அவருள் ஒருவருமில்லை. ஆயினும் கதவு திறந்திருந்தது.