கல்நீலியும் நர்சரியம்மாவின் இடது கையும்

பத்தரை மணிக்குக் கூப்பிடுவதாக வானொலி நிலையத்தார் சொல்லியிருந்தார்கள். செடி வளர்த்து விற்கும் நர்சரியம்மா பத்து மணிக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அணிலுக்குப் பயந்து கம்பிக் கூண்டுக்குள் வைத்திருந்த நீளத் தட்டைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே பேசினால் பேச்சு தடங்கலில்லாமல் வரும் என்று ஒரு நினைப்பு.

தட்டில் இருந்தவை ஏழு கல்நீலி நாற்றுகள். தெரியாதவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இரண்டு விரல் உயரம், புல்லா கீரையா என்று சொல்லமுடியாத இலை. பூத்துவிட்டால் மட்டும் அந்த நீலத்துக்கு ஈடு கிடையாது. ஒரே ஒரு குன்றின் சரிவில், பாறை இடுக்கில் மட்டுமே இருந்த காட்டுப்பூ. அந்தச் சரிவை வெட்டித்தான் சாலை போட்டார்கள், புண்ணியவான்கள். இயந்திரம் வருவதற்கு முந்தின நாள் வன அலுவலகத்து மேடம் ஓடிப்போய்ப் பொறுக்கியது மொத்தம் இருபது விதை.

"இது வீட்டுத் தோட்டத்துல வளருமான்னு பார்த்துச் சொல்லுங்கம்மா. வளர்ந்தா வீட்டுக்கு வீடு கொடுத்துப் பிழைக்க வெச்சிடலாம். இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான், வேற விதை இல்ல" என்று மேடம் கொடுத்துவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது.

முதல் பத்து விதை ஏமாற்றிவிட்டது. நாலு மாதம் பார்த்துவிட்டு, மண்ணைப் பம்ப் அறைக்குப் பின்னால் கொட்டினாள். மீதிப் பத்தை வெகுநாள் கையில் எடுக்கவே பயம். போன வருஷம்தான் துணிந்து ஃபிரிட்ஜில் சில வாரம் வைத்தெடுத்து விதைத்தாள். ஏழு முளைத்தன. அன்று அவள் போட்ட கூச்சலில் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார். இன்று பதினோரு மணிக்கு மேடம் வந்து பார்த்து, படிவத்தில் 'ஏற்றது' என்று எழுதிப்போக வேண்டியதுதான் பாக்கி.

போன் அடித்தது. அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே கணவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மனிதர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எந்த வேலை சொன்னாலும் 'நாளைக்கு' என்பார். அதனால் வீட்டில் அவர் பெயரே 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது.

"இவ்வளவு அபூர்வமான காட்டுப்பூ, நம்ம வீட்டுத் தோட்டத்துக்கு ஒத்துவருமாம்மா?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"தாராளமா ஒத்துவரும்! உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். கொஞ்சம் கல்லு மண்ணு, நல்ல வெயில். பெத்த பிள்ளைகூட இவ்வளவு சொன்ன பேச்சுக் கேக்காதுங்க."

அறிவிப்பாளர் சிரித்தார். அவளுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கூண்டைப் பற்றிச் சொன்னாள், அணிலைத் திட்டினாள், ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்ததைச் சொன்னாள். வாய் ஓடினால் அவளுக்கு இடது கையும் ஓடும். யாரோடு பேசினாலும் பக்கத்துத் தொட்டியில் அது தன்பாட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருக்கும். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

மனைவி பேசும் அழகைப் பார்க்க வாசலுக்கு வந்த கணவர் அப்படியே நின்றார்.

"ஏய்! கை! கை!"

குனிந்து பார்த்தாள். மடியில் ஏழு நாற்றும் வரிசையாகக் கிடந்தன. தட்டில் மண் மட்டும்தான் இருந்தது.

"ஐயையோ!"

அந்த 'ஐயையோ' ஊர் முழுக்க ஒலிபரப்பானது. "ஹலோ? அம்மா? ஹலோ?" என்று அறிவிப்பாளர் கத்துவது போனிலும் ரேடியோவிலும் சேர்ந்து கேட்டது. அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு நாற்றை எடுத்து வேரைப் பார்த்தாள். நூல்போல ஒரே வேர், பாதியில் அறுந்திருந்தது. ஏழும் அப்படித்தான். திரும்ப நட்டாள், தண்ணீர் தெளித்தாள், எல்லாம் மறுபடி சாய்ந்தன. எந்தப் பாவி செய்தான் என்று திட்டக்கூட ஆளில்லை.

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். வரும்போதே முகம் வெளிறியிருந்தது; காரில் ரேடியோ கேட்டிருக்கிறார்.

"அணிலாம்மா?"

"நான்தான் மேடம். இந்தக் கைதான்."

மேடம் ஒரு நாற்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒண்ணும் தேறாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு, "அந்த முதல் பத்து என்னாச்சு?" என்று கேட்டார்.

"முளைக்கவே இல்ல. மண்ணைப் பின்னாடி கொட்டிட்டேன்."

"ஒரு குளிர்காலமாவது மண்ணுக்குள்ள கிடந்துச்சா?"

நர்சரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குளிர் பட்டால்தான் இந்த விதை முளைக்கும், கொட்டிய மண்ணிலும் முளைத்திருக்கலாம் என்று, ஃபிரிட்ஜில் வைத்தது முளைத்தபோதே தோன்றியிருக்க வேண்டும். இருவரும் பம்ப் அறைப் பக்கம் நடந்தார்கள். கணவர் குறுக்கே வந்து நின்றார்.

"அங்க வேண்டாம். ஒரே புதரா கிடக்கு. நாளைக்குச் சுத்தம் பண்ணிடறேன்."

"மூணு வருஷமா இதைத்தானே சொல்றீங்க! தள்ளுங்க!"

இடுப்புயரக் களை. முள்ளை விலக்கிக்கொண்டு போனவள் சட்டென்று நின்றாள். உடைந்த செங்கல் குவியலுக்கு நடுவே, சில்லென்று, கண் கூசும் நீலம். ஒன்று. தள்ளி இன்னொன்று. சுவரோரம் மூன்றாவது. விரல் படாத இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தன.

மேடம் செங்கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நர்சரியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின. மூன்று வருஷமாக எந்தச் சோம்பேறித்தனத்துக்காக அந்த மனிதரைப் பொரிந்து தள்ளினாளோ, அதுதான் இதைக் காப்பாற்றியிருக்கிறது.

மேடம் படிவத்தை எடுத்தார். "வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றதான்னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

"என் வீட்டுக்கு இல்ல மேடம். இவரை மாதிரி ஆளுங்க வீட்டுக்கு ஏத்ததுன்னு எழுதுங்க. பூக்கிற வரைக்கும் இது களை மாதிரிதான் இருக்கும். சுத்தமா தோட்டம் வெச்சிருக்கிற எவளும் இதை விட்டுவைக்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"ஏய், கை!"

கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் விரல்கள் மூன்றாவது பூவின் அடியில், இரண்டு விரல் உயரத்தில் புதிதாகத் தலைகாட்டிய எதையோ பற்றியிருந்தன. அவள் பயந்துபோய் விரலை எடுத்தாள். மேடம் குனிந்து இலையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாலாவது கல்நீலிம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் புதரைவிட்டு வெளியே வரும்வரை கணவர் அந்தக் கையை விடவே இல்லை.