பிசிறில்லாத நடை

…ஏழு அடிகள், ஐயமில்லை, ஏழேதான், கட்டிலின் விளிம்பிலிருந்து தொலைக்காட்சி மேசை வரை ஏழு அடிகள். அவன் எண்ணினான், எண்ணுவதும் அளப்பதும் அவனுக்குத் தொழில், ஆயினும் மூன்றாவது அடியிலேயே கண்கள் கலங்கிவிட்டன, கலங்கிய கண்களோடு எண்ணியவை ஆறாகவும் இருக்கக்கூடுமோ… இல்லை, ஏழு. பிறந்து ஓராண்டும் பதினெட்டு நாள்களும் ஆன ஆதிரை, நேற்று வரை சோபாவையும் சுவரையும் பற்றிக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தவள், இன்று பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்திற்கு எதனையும் பற்றாமல் நடந்தாள். கதிரேசன் அப்போது கட்டிலில் அமர்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். குழந்தை அவனுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கையில் பாதி மடித்த பாவாடையோடு அவன் நிமிர்ந்தபோது அவள் புறப்பட்டிருந்தாள், இரு கைகளையும் தோளுயரத்திற்குத் தூக்கி, பின்புறத்தைச் சற்றே துருத்தி, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் திருமண மண்டபத்துள் நுழைவதைப் போன்ற மிடுக்கோடு. மேசையை அடைந்து, திரும்பி, அவனைக் கண்டு, தொப்பென்று அமர்ந்தாள். அவன் பாவாடையை எறிந்துவிட்டுத் தாவி அவளை வாரி எடுத்தான், கழுத்திலும் வயிற்றிலும் முத்தமிட்டான், அவள் கூச்சத்தால் நெளிந்து அவன் மூக்கைப் பிடித்துத் திருகினாள்… இவ்வுலகில் இக்காட்சியை முதலில் கண்டவன் நான், நான் மட்டுமே, என்று அவன் நெஞ்சு விம்மியது. அவ்விம்மல் ஒரு நிமிடம் நீடித்திருக்குமா?

நீடிக்கவில்லை. ஏனெனில் அந்த நடையில் பிசிறு இல்லை. கதிரேசன் மோட்டார் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். காலை ஆறு மணி ஷிப்டில் சென்று, இயந்திரத்திலிருந்து இறங்கும் முதல் உருப்படியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே அவன் அன்றாட வேலை. பதினொரு ஆண்டுகளில் ஒரு முதல் உருப்படியேனும் பிசிறின்றி இறங்கி அவன் கண்டதில்லை, ஓரத்தில் சிலும்பு நிற்கும், துளை மயிரிழை விலகியிருக்கும், ஐம்பதாவதோ நூறாவதோதான் வழவழப்பாக வரும். முதன்முறை நடக்கும் குழந்தை இரண்டாம் அடியில் விழ வேண்டாமா? விழுந்து திகைக்க வேண்டாமா? இவளோ வழியில் கிடந்த துணிக் கிளிப்பை மிதிக்காமல் விலகினாள், விலகியபின் நின்றாள், குனிந்து அதனை எடுத்தாள், தரையில் கை ஊன்றாமல் எழுந்தாள்… ஊன்றாமல்! அதற்கு முன் எத்தனை முறை ஊன்றி எழுந்திருப்பாள்? அந்த ஊன்றல்கள் எங்கே நடந்தன, யார் முன்னிலையில் நடந்தன? மேலும், மேசையை அடைந்ததும் அவள் திரும்பிய திரும்பலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததே, உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கிப் பாதி வழி வந்து நின்றனவே, கைதட்டலுக்குக் காத்திருப்பவரின் கைகள் அல்லவா அவை? நடந்தால் கைதட்டு விழும் என்பதை இக்குழந்தைக்கு யார் கற்பித்தார்?

செவ்வந்தியக்கா. வேறு யார். பழைய மில்லுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் இருக்கும் அந்த அம்மாளிடம்தான் காலை ஆறு மணிக்குமுன் குழந்தையை விட்டுச் செல்வது, மூன்று மணிக்கு மேல் அவனே சென்று தூக்கி வருவது, மனைவி சண்முகப்ரியா பீளமேட்டில் கணினி அலுவலகத்திலிருந்து திரும்ப ஆறரை ஆகும் வரை ஆதிரை முழுவதும் அவனுக்கே உரியவள். இந்த மூன்று மணி நேரத்தில் அவன் கண்ட இன்பங்களை எவ்வாறு எடுத்துரைப்பது? ரிமோட்டைக் காதில் வைத்து, ஆங், ஆங் என்று யாருடனோ பேசி, பிறகு சினந்து அதனைக் கீழே போடுவாள். காலண்டரிலிருக்கும் பசுவுக்குத் தன் பிஸ்கட்டை ஊட்டி, அது வாய் திறவாதபோது தானே உண்டு, அதற்காகவும் தலையாட்டுவாள். அவனுடைய காலுறைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ச் சலவை இயந்திரத்துள் இட்டு, கதவைச் சாத்தி, கையைத் தட்டிக்கொள்வாள். ஆனால் சென்ற மாதம் ஒரு நாள் தர்ப்பூசணித் துண்டை வாயருகே வைத்து அவள் ஊதினாள், சில்லென்றிருந்த துண்டை, உதட்டைக் குவித்து, ஃபூ ஃபூ என்று. இவ்வீட்டில் யாரும் உணவை ஊதுவதில்லை. அந்த ஊதல் செவ்வந்தியக்காவின் வாயிலிருந்து வந்தது என்பதை உணர்ந்த கணத்தில் அவன் சிரித்தபடியே துணுக்குற்றான்… தன் மகளின் முகத்தில் வேறொரு வீட்டின் அசைவு. அன்று முதல் அவன் ஒவ்வொரு புதிய சேட்டையையும் முதலில் ரசித்தான், பின்னர் அதன் பிறப்பிடத்தை ஆராய்ந்தான்.

அந்த அம்மாளைக் கேட்டால் சொல்ல மாட்டார். நாள்தோறும் கதவருகே அவன், இன்னைக்கு என்னங்க்கா செஞ்சா, என்று வினவுவதும், புதுசா ஒண்ணுமில்லீங்க தம்பி, என்று அவர் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே விடை தருவதும் வழக்கமாகிவிட்டது. முன்பு அவ்வாறு இல்லை. ஆதிரையின் எட்டாம் மாதத்தில் ஒரு நாள் சந்து முனை வரை எதிரே ஓடி வந்தவர் அவர்தான். ஏனுங் தம்பி, அம்மணிக்குப் பல்லு மொளச்சிருச்சுங்க, கரண்டி பட்டா டிங்குங்குது வந்து கேளுங்க, என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். கதிரேசன் சினந்தானா? சினக்கவில்லை. விவரம் கேட்டான், அவ்வளவே. எத்தனை மணிக்கு, எந்தக் கரண்டி, அது வெந்நீரில் கழுவியதா, அப்போது வேறு யார் இருந்தார்கள், உடனே ஏன் எனக்குப் போன் செய்யவில்லை… தொழிற்சாலையில் நாள்தோறும் கேட்கும் கேள்விகள்தாமே? அன்று மாலையே குழந்தையின் வாயைத் திறந்து தொழிற்சாலையில் உருப்படிகளை அளக்கும் வெர்னியர் அளவியால் பல்லை அளந்தான், இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆகவே அது அன்று முளைத்ததன்று, குறைந்தது நான்கு நாள்களுக்கு முன் முளைத்தது, என்று மறுநாள் அவரிடம் சொன்னான். உண்மையைத்தானே சொன்னான்? வெர்னியரைக் கண்டால் ஆதிரை இன்றும் தானாக வாயைத் திறப்பாள். ப்ரியா அதனைப் பார்த்து ஏனோ சிரிப்பதில்லை.

சரி, ஆராய்வோம் என்று குழந்தையை மடியில் இருத்தியபோது இன்னொன்று புலப்பட்டது: இடது காலின் கொலுசு ஒலிக்கவில்லை. வலது கால் உதைத்தால் கலகலவென்றது, இடது கால் உதைத்தால் ஊமையாக இருந்தது. அவன் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். மூன்று மணிகளின் இடுக்கிலும் எதுவோ அடைந்து, காய்ந்து, இறுகிக் கிடந்தது. ஊசி கொண்டு நெம்பினான், ஆதிரை அதனை ஒரு விளையாட்டு என்று கருதித் தன் மற்றொரு காலையும் அவன் முகத்திற்கு நேரே நீட்டினாள், அந்தக் குதிகாலின் மென்மைக்காகவே அவன் வேலையை நிறுத்தி ஒரு முறை அதனைக் கடித்தான், மீண்டும் நெம்பினான். பெயர்ந்து விழுந்தது பழுப்பு நிறப் பொருக்கு. விரலில் நசுக்கினான், மாவு. மோந்தான், வெல்லம். அதனுள் ஓர் எள்.

அரிசி மாவு, வெல்லம், எள், குழந்தையின் கால்… அவனுக்கு விளங்குவதற்கு அரைக் கணம்கூடத் தேவைப்படவில்லை. சென்னிமலையில் அவன் அக்காள் மகன் நடந்தபோது அவனே முன்னின்று கண்ட வழக்கம்: குழந்தை முதலடி எடுத்து வைத்தால் வெல்லமிட்டுப் பிசைந்த மாவில் அதன் பாதத்தைப் பதித்து, பதிந்த அளவுக்கு அடிக்கொழுக்கட்டை பிடித்து வேகவைத்து, தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், கொடுக்காவிட்டால் குழந்தைக்குக் கால் தெம்பு வராது என்பார்கள். ஆக, மறைக்க எண்ணியவருக்கும் இதனை விட்டுவிட மனம் துணியவில்லை! நடந்ததைச் சொல்லாமல் இருக்கலாம், கொழுக்கட்டை வைக்காமல் இருக்கக் கூடாது… கதிரேசன் தன்னையறியாமல் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உறைந்தது. நேற்று மாலை ப்ரியா ஒரு சிறிய டப்பாவைத் திறந்து நீட்டினாளே, ஆபீஸ்ல ஒருத்தங்க குடுத்தாங்க, சாப்பிடுங்க, என்று. அதில் இருந்தவை உருண்டையாக இல்லையே, நீள்வட்டமாக, ஒரு முனை அகன்று, சுண்டுவிரல் நீளத்தில் தட்டையாக இருந்தனவே. அவன் தொலைக்காட்சியைப் பார்த்தவாறே இரண்டினைத் தின்றான். இனிப்பு பத்துதுங்களா, என்று அவள் கேட்டாள். தின்னும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்னு எடுத்துக்குங்க, என்றாள், அவன் மறுத்ததும் முகம் சிறிது வாடியது போலிருந்தது… தன் மகளின் முதலடியை அவன் தின்றிருக்கிறான், இன்னதென்று அறியாமல், இரண்டு, விளம்பர இடைவேளையில்.

கைப்பேசியை எடுத்தான். என்ன கேட்பது? நேரே கேட்டால் மழுப்புவார். மகிழ்ச்சியைச் சொல்வது போலச் சொல்லி, குரலை மட்டும் கவனிப்போம் என்று தீர்மானித்து, ஆதிரை நடந்துவிட்டாள் என்று செவ்வந்தியக்காவிடம் அறிவித்தான். அப்படீங்களா தம்பி, ஐயோ, எப்பங்க, எனக்கு இங்கயே புல்லரிக்குதுங்க, என்று மறுமுனையில் மகிழ்ச்சி உடனே எழுந்தது, மிக உடனே, கழுவித் துடைத்துத் தயாராக எடுத்து வைத்த மகிழ்ச்சியைப் போல. எத்தனை அடிங்க வெச்சா, என்றார். ஏழு என்றான் அவன்.

"ஏழோட உக்காந்துட்டாளுங்களா?"

அக்குரலில் இருந்தது வியப்பன்று, ஏமாற்றம். தன் பிள்ளை மேடையில் பாட்டின் கடைசி வரியை மறந்துவிட்டதைக் கேள்வியுற்ற ஒருவரின் ஏமாற்றம். பிறகு அவரே அவசரமாக, மொத நாளுக்கு ஏழே சாஸ்திங்க தம்பி, கண்ணு பட்டுரும், சுத்திப் போடுங்க, என்று கூறி, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். கதிரேசன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். பிடித்துவிட்டேன் என்ற நிறைவு வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. இவரும் ப்ரியாவும் கூடிப் பேசியிருக்கிறார்கள். எப்போது, எத்தனை நாளாக? என்னைப் பற்றி என்ன பேசினார்கள்? நான் மனம் நோவேன் என்று இரங்கி மறைத்தார்களா, நான் காணும் நாளே முதல் நாளாகட்டும் என்று அன்பினால் மறைத்தார்களா… அன்பென்றால் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு பேசுவானேன்? ஆதிரை இதற்குள் மடித்த துணிகளை எல்லாம் கலைத்து, அவனுடைய பனியனைத் தலையில் முக்காடிட்டு, அதனுள்ளிருந்து தன்னைத் தேடச் சொல்லிக் கூவினாள். எங்க பாப்பா, பாப்பாவக் காணமே, என்று அவன் வழக்கம்போலத் தேடினான். வழக்கம்போல அவள் கிளுகிளுத்தாள். ப்ரியா வரட்டும், ஒன்றும் சொல்லக் கூடாது, அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்போம்.

ஆறு நாற்பதுக்கு ப்ரியா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கைப்பையை இறக்கினாள், கை கால் கழுவினாள், இன்னைக்குப் பாப்பா என்ன பண்ணுனா, என்று கேட்டாள். அவன் அடுக்களை வாயிலில் சாய்ந்து நின்றவாறு, எப்பவும் போலத்தான், என்றான். அவள் அவனை ஒரு முறை ஏறிட்டாள். செவ்வந்தியக்கா இவளுக்கு அழைத்துச் சொல்லியிருப்பாரோ? பிறகு ஆதிரையைத் தூக்கிக் கட்டிலின் விளிம்பைப் பிடிக்கச் செய்து நிறுத்திவிட்டு, தான் பின்னுக்கு நகர்ந்து, தொலைக்காட்சி மேசையையும் தாண்டி, சுவரோரம் தரையில் அமர்ந்தாள். கதிரேசன் கண்ணாலேயே அளந்தான், குழந்தையின் அடியில் எட்டு, ஒருவேளை ஒன்பது. வா தங்கம், என்று இரு கைகளையும் நீட்டினாள்; பிடியை இன்னும் விடாத குழந்தைக்கு, நடக்கத் தெரியும் என்று யாரும் சொல்லாத குழந்தைக்கு. இதோ, இதோ, இப்போது கேட்டுவிட வேண்டும், கேள்வி நுனி நாக்கில் முழுமையாக உருண்டு நின்றது, எந்த நாள் முதல், எத்தனை மணிக்கு, வேறு யார் இருந்தார்கள்…

ஆதிரை கட்டிலை விட்டாள். ஒரு கால் தரையிலிருந்து பாதி எழுந்தது. ஆனால் அவள் தாயின் கைகளைப் பார்க்கவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பி, அடுக்களை வாயிலில் நின்றிருந்த அவன் முகத்தைப் பார்த்தாள், புருவம் சுருங்க, அசையாமல், எழுந்த காலைத் திரும்ப ஊன்றிக்கொண்டு. பிற்பகலில் அவள் ஏழாம் அடியில் அமர்ந்தது களைப்பினாலா? அதுவரை அவள் முதுகல்லவா அவனுக்குத் தெரிந்தது, அவன் முகம் அவளுக்கு எப்போது தெரிந்தது?

"சிரிங்களேன்," என்றாள் ப்ரியா, குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல், மிகத் தணிந்த குரலில். "அப்பத்தான் வருவா."

கதிரேசன் சிரித்தான். உதடுகள் விரிந்தன, கன்னங்கள் உயர்ந்தன, ஒரு சிரிப்புக்கு வேண்டியவை அனைத்தும் இருந்தன என்றே அவனுக்குத் தோன்றியது. ஆதிரை உடனே புறப்படவில்லை.