பின்னால் போகக்கூடாத பஸ்

ஆட்டத்துக்குப் போகிற பஸ் பின்னால் போகக்கூடாது. இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. எங்கள் நாட்டில் பந்து உதைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆட்டக்காரர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பஸ் ஓர் அடி ரிவர்ஸ் எடுத்தாலும் அன்றைக்குத் தோல்விதான். எனக்கு முன்பு இந்த பஸ்ஸை ஓட்டியவர் ஒருநாள் கைதவறி ரிவர்ஸ் கியரைத் தொட்டுவிட்டார். எங்கள் அணி தோற்றது. எதிரணியும் தோற்றது. எப்படி என்று கேட்காதீர்கள், மைதானத்தில் இருந்த யாருக்கும் இன்றுவரை புரியவில்லை.

எங்கள் கோச் பர்வு சார் இதில் ரொம்பக் கறார். பஸ்ஸை நிறுத்தும்போதே முன்னால் போக வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒருமுறை பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. டீசல் போட்ட கையோடு லாரிக்காரன் சாப்பிடப் போய்விட்டான். சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, இன்னொருமுறை சாப்பிட்டுவிட்டு வந்தான். நாங்கள் காத்திருந்தோம். பின்னால் போகவில்லை.

டெனிசாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பஸ் எந்தப் பக்கம் போனாலும் அவள் தூங்கிவிடுவாள்.

டெனிசா எங்கள் எட்டாம் நம்பர், நடுக்கள ஆட்டக்காரி. இருபத்திமூன்று வயது. பார்த்தால் முப்பத்தைந்து சொல்வீர்கள். நடுவில் ஆடுகிறவளுக்கு இரண்டு கோல் கம்பமும் சொந்த வீடு மாதிரி, ஒன்றில் விளக்கேற்றிவிட்டு மற்றதில் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். ஆட்டக்காரிகள் எவ்வளவு ஓடுகிறார்கள் என்று அளப்பதற்கு முதுகில் ஒரு சின்னக் கருவி மாட்டுவார்கள். டெனிசாவின் கருவி ஒருநாள் பாஸ்போர்ட் கேட்டது. நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டது. கார்னரிலிருந்து பந்தை உதைத்துவிட்டு, ஓடிவந்து அதைத் தானே தலையால் முட்டி கோல் போட்டவள் அவள். என் இடது கண்ணால் பார்த்தேன். வலது கண் பஸ் மேல் இருந்தது.

அவளுக்கு மாற்று ஆள் கிடையாது. அதுதான் அவள் நோய். மாற்றாக இருந்த ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு முட்டி போய்விட்டது. அதற்கப்புறம் காய்ச்சலானாலும் டெனிசாதான், கால் வீங்கினாலும் டெனிசாதான். தொண்ணூறு நிமிஷமும் அவள்தான்.

மே மாதக் கடைசி ஆட்டம். டான்யூப் கரை ஊரில். தோற்காமல் வந்தால் நாங்கள் முதல் பிரிவில் நீடிப்போம். பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது டெனிசா வந்து பஸ் படியில் உட்கார்ந்தாள்.

“ஃபனிகா மாமா, இன்னைக்கு அந்த இத்தாலிக்காரம்மா, அவங்க அணிக்கு ஆள் எடுக்க என்னைப் பாக்க வருது.”

“தெரியும். ஊருக்கே தெரியும்.”

“அது வேணாம்னு சொல்லிடுச்சுன்னா, இதோட ஆட்டத்தை விட்டுடறேன். இங்க இன்னொரு வருஷம் என்னால முடியாது.”

“விட்டுட்டு என்ன பண்ணுவ?”

“தூங்குவேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் தூங்குவேன், மாமா.”

விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பாதி தூரத்தில், கடுகு வயல்களுக்கு நடுவே போகிற ஒடுங்கின சாலையில், தேன்பெட்டி வண்டி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. மே மாதத்தில் தேனீக்காரர்கள் பூ இருக்கிற இடத்துக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போவது வழக்கம். பெட்டிகள் உடைந்து, அத்தனை தேனீயும் காற்றில் இருந்தது. தேனீக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “சாயங்காலம் தானா அடங்கிடும்” என்றார். இரண்டு பக்கமும் பள்ளம். பின்னால் போவதைத் தவிர வழியில்லை.

பர்வு சார் எழுந்தார். “எல்லாரும் இறங்குங்க. பஸ் காலியா பின்னால போகட்டும். காலியா போனா தோஷம் இல்ல.”

“தேனீ கொட்டும் சார்!” என்றாள் கோல்கீப்பர் ஸம்ஃபீரா. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம்.

“கொட்டினா வீங்கும். தோத்தா ரெண்டாம் பிரிவு. எது வேணும்?”

எல்லோரும் ஜாக்கெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்னால் இருந்த நாற்சந்தியை நோக்கி ஓடினார்கள். சார் தலைகளை எண்ணினார். ஜாக்கெட் போட்ட தலையில் யார் எவள் என்று தெரியுமா? ஸம்ஃபீராவை இரண்டாக எண்ணிவிட்டார். கணக்கு சரியாக வந்தது. நான் நாற்சந்தி வரைக்கும் பஸ்ஸைப் பின்னால் கொண்டுபோனேன்.

எல்லோரும் மறுபடி ஏறினார்கள். ஸம்ஃபீரா கடைசி சீட்டில் கிடந்த துணிக்குவியல் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். குவியல் பேசியது.

“எவடி அது? எழுந்திருடி எருமை!”

டெனிசா.

“நீ இறங்கலையா?” என்றார் சார், மெல்ல.

“எங்க இறங்கணும்? ஊர் வந்துடுச்சா?”

“பஸ் பின்னால போச்சும்மா!”

“போச்சா? எனக்குத் தெரியலையே சார்.”

சார் மூன்றுமுறை சிலுவை போட்டுக்கொண்டார். நான் என்னால் ஆன உதவியைச் செய்தேன். “சார், நான் பஸ்ஸை நியூட்ரல்லதான் வெச்சிருந்தேன். ரோடுதான் முன்னால போச்சு.”

“நீங்க சும்மா இருங்க ஃபனிகா.” அவர் டெனிசாவைப் பார்க்காமலே சொன்னார். “நீ இன்னைக்கு பெஞ்சுல உக்காரு.”

“சார், அந்தம்மா அவ்வளவு தூரத்துலேர்ந்து என்னைப் பாக்கத்தான்...”

“பின்னால போன காலை நான் புல்லுல இறக்க மாட்டேன்.”

மூன்று வருஷமாக ஒரே ஒரு ஆட்டம் ஓய்வு கொடுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தது, எந்த நாளில் கிடைக்கக்கூடாதோ அந்த நாளில். அவள் சண்டை போடவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டும். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

மைதானத்தில் பெஞ்சில் ஒரு கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் தலை தொங்கியது. நான் பார்வையாளர் படிகளில், அந்த இத்தாலிக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் ஓர்நெல்லா. குட்டை முடி, பெரிய கறுப்புக் கண்ணாடி. நான் இத்தாலியில் பல வருஷம் தக்காளி பறித்தவன், பேச்சு வரும். சூரியகாந்தி விதை நீட்டினேன்.

“எட்டாம் நம்பர் எங்க?” என்று கேட்டாள்.

“அதோ, கம்பளிக்குள்ள.”

“அடிபட்டிருக்கா?”

“இல்லம்மா. பஸ் பின்னால போயிடுச்சு.”

என் இத்தாலி மொழியில்தான் கோளாறு என்று நினைத்தாள். திரும்பச் சொன்னேன். அப்புறம் புரிந்துகொண்டு தலையாட்டினாள். “எங்க நாட்டுல பதினேழு ஆகாத நம்பர். எங்க கோச் ஒருத்தர் பதினேழாம் நம்பர் சட்டையே தைக்க விடமாட்டார்” என்றாள். எல்லா ஊரிலும் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இடைவேளைக்கு முன்பே எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. ஓர்நெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“கெளம்பிட்டீங்களா?”

“ஆடாதவளை என்னன்னு பாக்கறது? விமானத்துக்கு நேரமாச்சு.”

கார்னர் கதையைச் சொன்னேன். நின்றாள். பாஸ்போர்ட் கதையைச் சொன்னேன். உட்கார்ந்தாள். அவள் மறுபடி எழுந்திருக்கப் பார்த்தபோது, டெனிசா ஒருதடவை பெனால்டியை உதைத்த வேகத்தில் கோல் கம்பம் மட்டும் உள்ளே போய் பந்து வெளியே நின்றுவிட்டது என்றேன். “அந்த கோல் செல்லுமா?” என்று கேட்டாள். “இன்னும் விசாரணை நடக்குது” என்றேன்.

அதற்குள் கோல் வாயிலிலிருந்து ஸம்ஃபீராவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “சார்! பின்னால போன காலு உள்ள எறங்கவே இல்ல! அப்படியும் தோத்துக்கிட்டுத்தான் இருக்கோம்! அப்ப எந்தக் காலு சார் காரணம்?”

பர்வு சார் யோசித்தார். அவர் யோசிப்பது தூரத்திலிருந்தே தெரியும், தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். பார்த்தார். அப்புறம் போய் டெனிசாவை எழுப்பினார்.

கன்னத்தில் கம்பளியின் தடத்தோடு இறங்கினாள். அவள் ஓடவில்லை. நான் பயந்துபோனேன். டெனிசா என்றால் ஓட்டம்தானே? அன்றைக்கு நின்றாள். பார்த்தாள். பந்து வந்ததும், யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்பினாள். அங்கே எங்கள் பெண் ஒருத்தி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். களைப்பில் அவள் இத்தனை நாள் பார்க்காமல் விட்டதெல்லாம் இப்போது தெரிகிறது போலிருந்தது. கடைசியில் அப்படி ஒரு பந்துதான் கோலானது. அது போன வழியில் புல் இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே முளைக்கிறது.

ஒன்றுக்கு ஒன்று. முதல் பிரிவில் நின்றுவிட்டோம். சார் அழுதார். ஸம்ஃபீரா அவரைத் தூக்கினாள்.

ஓர்நெல்லா விமானத்தை மறந்துவிட்டிருந்தாள். “தினமும் ஆடறவ இவதானா?” என்றாள்.

“இல்லம்மா. தினமும் ஆடறவ வேற ஒருத்தி, களைச்சுப்போனவ. இவளை நானே இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

இந்த ஒன்று மட்டும் அன்றைக்கு நான் சொன்னதில் கலப்படமில்லாதது. அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் பஸ் பக்கம் வந்தாள்.

டெனிசா பஸ் படியில் முட்டிமேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓர்நெல்லா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். இரண்டு வருஷ ஒப்பந்தம். வீடு உண்டு. ஜூலையில் வர வேண்டும். மற்றப் பெண்களெல்லாம் மூச்சுவிடாமல் சுற்றி நின்றார்கள். டெனிசாவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வரவில்லை. ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள்.

“மாமா, அந்தம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவங்க அணில என் இடத்துல ஆட வேற ஆள் இருக்கா?”

கேட்டேன். ஓர்நெல்லா புருவத்தை உயர்த்தினாள். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் “யாரும் இல்லை” என்ற பதிலுக்காகத்தான் கேட்பார்கள். கொஞ்சம் தயங்கி, மன்னிப்புக் கேட்கிற குரலில், “மூணு பேர் இருக்காங்க” என்றாள். மூன்று விரல்களையும் காட்டினாள்.

டெனிசா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு பேருக்கும்” என்றாள், “முட்டியெல்லாம் நல்லா இருக்கான்னு கேளுங்க.”