அக்காவின் டிஷர்ட்டில் இருபத்து மூன்றாம் நாள்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது ஒரு டிஷர்ட்டிலிருந்து. இப்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பதினோரு மணிக்குள் முடித்தாக வேண்டும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா மகள் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு போட்டி வைத்தாள். முப்பது நாள், தினம் ஓர் உடை. புதிதாக வாங்கக் கூடாது, போட்டதையே திரும்பப் போடக் கூடாது, இரவல் கூடவே கூடாது. காலை ஒன்பதுக்குள் குழுவில் படம் வந்தாக வேண்டும். இன்று இருபத்து மூன்றாம் நாள், ‘சின்னம் போட்ட உடை’. அலமாரியின் அடித்தட்டைக் கிளறினேன். மூடிப்போன ஒரு விமான நிறுவனத்தின் டிஷர்ட் கிடைத்தது. நெஞ்சில் அதன் ஆதிகாலச் சின்னம்: ஆரஞ்சு நிறப் பறவை, மூன்றே கோடுகளில் இறக்கை. மாட்டினேன், படம் எடுத்தேன், அனுப்பினேன்.

2.

தொடக்கம் இப்படியும் இருந்திருக்கலாம்:

வானத்தை இழந்த பறவையொன்று என் மார்பில்

(வேண்டாம். என்ன எழுத்து இது!)

என் அக்கா அந்த நிறுவனத்தில், பயணிகளின் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் கவுன்ட்டரில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள்.

இது பரவாயில்லை, உண்மையும்கூட. நிறுவனம் மூடிய அன்று ஊழியர்களுக்கு இந்த டிஷர்ட்டைக் கொடுத்தார்கள். எல்லாரும் சீருடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். அக்காவை அழைத்துவர நானும் போயிருந்தேன். அடுத்த வருடம் அதைக் கதையாக்கினேன். அதில் அக்கா கவுன்ட்டரில் தலைசாய்த்து விம்மி விம்மி அழுதாள். கதை நல்ல பேர் வாங்கியது. அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

மூன்று வருடம். காரணம் சொல்லவில்லை. அவள் கண்ணீரை நான் ஊருக்குக் காட்டிவிட்டேன், அதுதான் கோபம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

3.

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் படம் போனது. எட்டு ஐம்பத்து நாலுக்கு, மூன்று வருடமாகக் குழுவில் வாயே திறக்காத அக்கா எழுதினாள்:

“அது என் டிஷர்ட்.”

கத்திவிட்டேன்! சமையலறையிலிருந்து கணவர் ஓடிவந்தார்.*

“என்ன ஆச்சு?”

“அக்கா பேசிட்டா!”

“என்ன சொன்னாங்க?”

“நான் திருடின்னு சொல்றா!”

“அதுக்கா இப்படிக் குதிக்கிற?”

அதற்குள் பெரியம்மா மகள் தீர்ப்பு எழுதிவிட்டாள்: “இரவலா? அப்ப நீ அவுட்.” இருபத்திரண்டு நாள் பாடு போயிற்று. போகட்டும், யாருக்கு வேண்டும்!

* படித்துப் பார்த்தவர், தான் ஓடவில்லை, நடந்துதான் வந்ததாகச் சொல்கிறார். திருத்த மாட்டேன்.

4.

(இந்த இடத்தில் அக்காவை ஒரு பாத்திரமாகச் சந்தேகப்படுகிறேன். மூன்று வருடக் கோபம் ஒரு டிஷர்ட்டில் கரையுமா? நீங்கள் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை வராமல்தான் போன் செய்தேன்.)

“அக்கா...”

“துவைச்சுத் தரேன்னு கொண்டு போனியே, நாலு வருஷமாவா துவைக்கிற?”

“நீ அழுததை எழுதினது தப்புதான்க்கா. மன்னிச்சிடு.”



“நான் எங்கடி அழுதேன்? கடைசிப் பெட்டி வரைக்கும் சீட்டு ஒட்டி, கவுன்ட்டரைத் துடைச்சிட்டு நிமிர்ந்துதான் வந்தேன். அழுதது நீ. என்னைக் கட்டிக்கிட்டு அழுது, அந்தப் பறவை மேலயே மூக்கைத் துடைச்ச. அதனாலதான் துவைக்கணும்னு எடுத்துட்டுப் போன. அப்புறம் உன் அழுகையைத் தூக்கி என் மூஞ்சியில வச்சு எழுதிட்ட. கூட வேலை பார்த்தவங்க எல்லாம் எனக்கு ஆறுதல் சொன்னாங்க, தெரியுமா?”

எல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அவள் மூச்சுவிடாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“இதையும் எழுதுவியா?” என்றாள்.

“எழுதட்டுமா?”

“எழுது. இந்தத் தடவை நடந்ததை எழுது. பதினோரு மணிக்கு வரேன், என் டிஷர்ட் எனக்கு வேணும்.”

5.

முடிவு ஒன்று: கதவைத் திறக்கிறேன். அக்கா என்னை இறுகக் கட்டிப்பிடித்து

முடிவு இரண்டு: மடித்துக் கொடுக்கிறேன். அவள் அதை விரித்து, கறை போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில்

இரண்டும் நடக்கவில்லை, நடக்காததை எழுதிப் பட்டது போதும். மணி பத்து ஐம்பத்தெட்டு. டிஷர்ட்டை இன்னும் கழற்றவில்லை. அழைப்பு மணி அடிக்கிறது!

போகிறேன். கதவு திறந்ததும் எங்களில் யார் அழுதது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அழுகை விஷயத்தில் என் கையை நம்ப முடியாது.